தையல்காரர் பட்டுவாடா ஆனார்

விசாரணைக் கைதிகளைச் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கும், நீதிமன்றத்திலிருந்து சிறைக்கும் ஏற்றி இறக்கும் மகத்தான பொறுப்பு கைதிகள் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்தது. துறையில் வண்டிகள் இருந்தன, டீசல் இருந்தது, கைதிகளுக்கும் பஞ்சமில்லை. இல்லாமல் போனது அல்காரிதம் ஒன்றுதான்.

அதுவரை எந்த வண்டியில் யாரை ஏற்றுவது என்பதை ஏட்டையாதான் முடிவு செய்துவந்தார். காலையில் சிறை வாசலில் டீயும் கையுமாக நின்று, "நீ பெரிய கோர்ட்டு, நீ சின்னக் கோர்ட்டு, உனக்கு இன்னிக்கு ஜட்ஜு லீவு, போய்ப் படு" என்று சொல்லிவிடுவார். அவ்வப்போது ஆளை மாற்றி ஏற்றிவிட்டு, மத்தியானம் அசடு வழியத் திரும்பி வருவதும் உண்டு. இது விஞ்ஞான முறை அல்ல என்பதைத் துறையின் கண்காணிப்பாளர் ஒரு மாநாட்டின் சாப்பாட்டு இடைவேளையில் கண்டுகொண்டார். மற்ற துறைத் தலைவர்கள் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் அவரவர் அல்காரிதத்தைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். குடிநீர் வாரியத்திடம்கூட ஒன்று இருந்ததாம். தண்ணீர்தான் இல்லை. கண்காணிப்பாளருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதமே அல்காரிதம் வந்து சேர்ந்தது. ஒரு பார்சல் கம்பெனி பழசாகிவிட்டது என்று ஒதுக்கியதைத் துறை வாங்கியிருந்தது. அதில் பொட்டலம் என்று இருந்த இடத்தில் கைதி என்றும், கிடங்கு என்று இருந்த இடத்தில் சிறை என்றும், வாடிக்கையாளர் என்று இருந்த இடத்தில் நீதிமன்றம் என்றும் மாற்றினார்கள். பாதியில் கை வலித்ததோ என்னவோ, மீதியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஏட்டையாவிடம் ஒரு போன் கொடுக்கப்பட்டது. அது சொல்வதைச் செய்தால் போதும், யோசிக்க வேண்டாம் என்று ஆணை. ஏட்டையாவுக்கு உள்ளபடியே சந்தோஷம். இனிமேல் எது நடந்தாலும் திட்டு வாங்கப்போவது போன்தானே.

தையல்காரரின் சங்கதிக்கு வருவோம். ஒரு கோட்டுத் துணியில் அரை மீட்டரை அமுக்கிவிட்டார் என்று அவர்மேல் புகார். குற்றம் உறுதியானால் எவ்வளவு காலம் உள்ளே இருக்க வேண்டுமோ, அதைவிடக் கூடுதலாகவே விசாரணைக் கைதியாக இருந்து முடித்துவிட்டார். அவரை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நீதிபதியே சொல்லியாயிற்று. ஆனால் பார்த்தாக வேண்டும். சட்டம் அப்படி. தையல்காரரின் மனைவியும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கணவனின் சட்டையைத் துவைத்து மடித்து எடுத்துவந்து நீதிமன்ற வாசலில் காத்திருந்தாள்.

அல்காரிதம் தையல்காரரை ஏற்றிவிட்ட முதல் நாளே நீதிபதிக்குக் காய்ச்சல். ஏட்டையா போனில் தட்டினார். "பெறுநர் இல்லாவிட்டால் அடுத்த கதவில் ஒப்படைக்கவும்" என்று வந்தது. அடுத்த கதவு கால்நடை மருத்துவமனை.

யோசிக்க வேண்டாம் என்பது ஆணை. யோசிக்காமல் ஏட்டையா தையல்காரரை உள்ளே அழைத்துப்போனார். அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டுவிட்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பட்டுவாடா வெற்றி என்று போன் மணி அடித்தது. சாயங்காலம்வரை தையல்காரர் இரண்டு ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையைப் பூட்டும் நேரத்தில் எழுத்தர் அவரைக் கொண்டுவந்து ஏட்டையாவின் வண்டியில் விட்டார்.

சிறை வாசலில் தகராறு. பட்டுவாடா ஆன சரக்கை உள்ளே எடுக்க முடியாது என்று காவலர் அடித்துச் சொல்லிவிட்டார். ஏட்டையா கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்.

"சார், இவரை உள்ள எடுக்க மாட்டேங்கறாங்க."

"பட்டுவாடா ஆயிடுச்சேய்யா. நம்ம வேலை முடிஞ்சுது."

"அப்ப வீட்டுக்கு அனுப்பிடட்டுமா சார்?"

"அதெப்படி? ஜட்ஜு இன்னும் பார்க்கலையே."

"அப்ப இவரு எங்கதான் சார் இருக்கறது?"

கண்காணிப்பாளர் ஆழ்ந்து சிந்தித்தார். பெற்றவரே திருப்பி அனுப்பினால் சரக்கைச் சிறை ஏற்கலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும் என்றார். போன் மூன்று காரணங்களைக் காட்டியது: உடைந்திருந்தது, நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை. கால்நடை மருத்துவமனையின் சார்பில் ஏட்டையா மூன்றாவதை அழுத்தினார். தையல்காரருக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. தன் வாழ்நாளில் அளவு சரியில்லை என்று எதுவும் திரும்பி வந்ததில்லை என்று கம்பிக்குப் பின்னால் நின்று புலம்பினார்.

திரும்பி வந்த சரக்கு என்பதால் அல்காரிதம் அவரை வரிசையின் கடைசியில் தள்ளியது. இருந்தும் நடுநடுவே ஏற்றியது. ஒரு நாள் நீதிமன்ற வாசல்வரை வந்துவிட்டு, இறக்கும் நேரம் கடந்துவிட்டது என்று போன் சொல்ல, திரும்பினார்கள். நீதிபதியும் வாசலுக்கு வந்து நின்றிருந்தார். தையல்காரரின் மனைவி மடித்த சட்டையை மறுபடி வீட்டுக்கு எடுத்துப்போனாள். அதைப் பார்த்தபோது ஏட்டையாவுக்குப் போனைத் தூக்கிச் சாக்கடையில் போட்டால் என்ன என்று தோன்றியது. அரசாங்கச் சொத்து என்பதால் போடவில்லை.

இதற்கிடையில், மாற்ற மறந்துபோன மீதிப் பகுதி தன் கடமையைச் செய்தது. தையல்காரரின் மனைவிக்கு ஒரு செய்தி வந்தது: "மகிழ்ச்சியான செய்தி! உங்கள் கணவர் வழியில் இருக்கிறார். வேறு முகவரிக்கு அனுப்ப இங்கே தொடவும்." அவளுக்கு இதெல்லாம் பழக்கமில்லை. கணவன் கடைக்கு எதிர்க்கடைத் தையல்காரரிடம் ஓடினாள். புருஷன் உள்ளே போன நாள் முதல் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த மனுஷன் புண்ணியத்தில்தான். தொட்டுத்தான் பார்ப்போமே என்று அவர் தன் கையாலேயே அவள் வீட்டு முகவரியைத் தட்டிக்கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. ஏட்டையா இறங்கி, முகவரியைச் சரிபார்த்து, தையல்காரரை வாசற்படியில் நிறுத்தினார்.

"யாரும்மா பெறுநர்?"

"நான்தாங்க ஐயா. அவரு சம்சாரம்."

"கையெழுத்துப் போடும்மா."

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதாள். திருப்பி அனுப்ப ஏதாவது காரணம் உண்டா என்று கேட்பது ஏட்டையாவின் கடமை. அவர் கேட்கவில்லை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, துறையில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் தான் செய்த ஒரே உருப்படியான வேலை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்காணிப்பாளர் கோபப்படுவார் என்று பயந்தார். கண்காணிப்பாளரோ குதூகலத்தில் இருந்தார். தையல்காரரின் மனைவி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாள். துறையின் வரலாற்றில் ஒரு பொதுஜனம் திருப்தி தெரிவித்தது அதுவே முதல் தடவை. அடுத்த மாநாட்டில் அவருக்குப் பொன்னாடையே போர்த்தினார்கள். ஒரே குறை, மற்ற கைதிகளின் வீட்டாரும் முகவரியைத் தட்டத் தொடங்கியதால், வண்டிகள் திரும்பி வரும்போது காலியாக வந்தன. அல்காரிதம் அதை நஷ்டம் என்று சிவப்பில் காட்டியது. பார்சல் கம்பெனி வைத்திருந்த வசதிகளில் இன்னொன்றும் இருப்பதைக் கண்காணிப்பாளர் தோண்டியெடுத்தார். யார் வேண்டுமானாலும், எந்த முகவரியிலிருந்து வேண்டுமானாலும், வந்து சரக்கை எடுத்துப்போகச் சொல்லலாம்.

"கேஸு இல்லாம எப்படி சார் ஏத்தறது?" என்றார் ஏட்டையா.

"நாம யாரையும் பிடிக்கலய்யா. ஜனங்க குடுக்கறாங்க, நாம வாங்கிக்கறோம். சேவை."

சேவை தொடங்கிய அன்று காலை போன் காட்டிய முதல் முகவரி தையல்காரரின் தெரு. ஏட்டையாவுக்குப் பகீரென்றது. அந்த மனுஷனை மறுபடியும் எந்தப் பாவி கொடுத்திருப்பான் என்று வண்டியை விரட்டினார். போய்ப் பார்த்தால் தையல்காரர் தன் கடை வாசலில், மனைவி துவைத்து மடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு தெம்பாக நின்றிருந்தார். எதிர்க்கடையைக் கண்ணால் காட்டினார்.

"யோவ், உன் வீட்டுக்குச் சோறு போட்டவன்யா அவன்," என்றார் ஏட்டையா.

"இல்லைன்னு சொல்லலை ஏட்டையா. நல்ல மனுஷன்தான். ஆனா நான் உள்ள இருந்தப்ப என் வாடிக்கை பூரா அங்க போயிடுச்சு. திரும்ப வர மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்குத்தான். ஜட்ஜு பார்த்தா விட்டுடப்போறாரு."

எதிர்க்கடைக்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வண்டியில் ஏறினார். என்ன தப்பு செய்தேன் என்று அவர் கேட்டதற்கு ஏட்டையா போனைத் திருப்பிக் காட்டினார். தையல்காரர் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஐந்து நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அநியாயம், அநியாயம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே, பக்கத்து வீட்டு இலக்கத்தை எட்டிப் பார்த்து, அவரவர் போனில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.