மூன்று போல்ட்டும் ஒரு மௌன விரதமும்

கையில் ஸ்பேனர் வைத்திருப்பவனைப் பார்த்தால், விஷயம் தெரிந்தவன் என்று ஊர் நம்பிவிடுகிறது. அதைவிட ஆபத்து, அவனும் நம்பிவிடுகிறான். நானும் ஒருநாள் நம்பினேன். அதன் பலனாக ஏழு வருஷம் மாமனார் வீட்டுச் சோறு சாப்பிட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. திருத்தணியில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தேன். வேலை கிடையாது. (தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொள்வேன். எங்கே தேடுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அவ்வளவு நல்ல மனிதர்கள்.) மாமனார் அப்போது திருவாலங்காட்டில் ஒரு பழைய பஸ்ஸை விலை பேசியிருந்தார். பள்ளிப்பட்டுக்கு ஓடப்போகிற அந்த பஸ்ஸுக்கு என்னையே மேனேஜராகப் போடலாமா என்று அவருக்கு ஒரு யோசனை.

"அது மட்டும் கெடச்சா, தனியா ஒரு வூடு பாத்துகினு போயிடலாங்க" என்று என் மனைவி கமலா தினமும் சொல்வாள். எனக்கும் அதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் காலை மாமனார் தன் காரில் போய் பஸ்ஸை முடித்துவிட்டு வர வேண்டும். அந்தக் கார் ஒரு அமெரிக்கக் கிழம். பிரேக்கை மிதித்தால் கால் தரையைத் தொடும், கார் மட்டும் நிற்காது. ஊரில் கார் தெரிந்த ஒரே ஆள் மெக்கானிக் முனுசாமி. மாமனார் கிளம்ப இருந்ததற்கு முதல் நாள் பார்த்து ஆடிக் கிருத்திகை. முனுசாமி மௌன விரதம் இருந்து காவடி எடுக்கிறார். மலையில் காவடியைச் செலுத்துகிற வரை வாயும் திறக்க மாட்டார், வேலையும் தொட மாட்டார்.

"அவன் மலையெறங்கி வரட்டும் மாப்ளே, அவசரமில்ல" என்றார் மாமனார்.

"ஒரு பிரேக்குக்கு எதுக்கு மாமா அவரு? நானே பாத்துடறேன்."

(மெட்ராஸில் படித்தபோது என் அறைக்கு எதிரே ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. என் தகுதி அவ்வளவுதான்.)

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆங், பாருங்க" என்று சொல்லிவிட்டு மலைக்குக் கிளம்பினார்.

முதலில் வலது பக்கச் சக்கரம். ஐந்து போல்ட்டும் வெண்ணெய் மாதிரி கழன்று வந்தன. டிரம்மை எடுத்து, உள்ளே துடைத்து, பிரேக்கைச் சரிபார்த்து, சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். மோர் கொண்டுவந்த கமலாவின் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. அதற்கு முன்னும் நான் அதைப் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிறகு இடது பக்கத்துக்கு வந்தேன். ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன். அசையவில்லை. துரு என்று முடிவுகட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன். அப்போதும் அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்றேன். 'டக்' என்று சத்தம். போல்ட்டின் தலை மட்டும் கையோடு வந்தது, உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது. ஒன்று போனால் போகிறது என்று அடுத்ததைப் பிடித்தேன். அதுவும் 'டக்'.

தனி வீடு கண்ணெதிரே இடிந்து விழுவது போலிருந்தது. அழலாம் என்றால் கமலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தெருவில் காவடிக் கூட்டம் வந்தது. முன்னால் மஞ்சள் வேட்டியில் முனுசாமி. என்னையும் கையிலிருந்த போல்ட் தலையையும் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கை காவடியில் இருக்க, மற்ற கையை நீட்டி வலமாகச் சுழற்றிக் காட்டினார். நான் விழித்தேன். மறுபடி வேகமாகச் சுழற்றினார். தலையை ஆட்டினார். காலை உதைத்தார்.

"சாமி வந்துடுச்சி!" என்று எதிர்வீட்டு அம்மாள் கத்தினாள். "வலமா சுத்திக் காட்டுதே, பாக்கலியா? வண்டிய வலம் வரச் சொல்லுது!"

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பூஜை போடாமல் காரில் கைவைத்தது என் தப்பு. கமலா கற்பூரம் கொண்டுவந்தாள். நான் தட்டை ஏந்திக்கொண்டு காரை மூன்று முறை வலம் வந்தேன். முனுசாமி கண்ணில் தண்ணீர் வரக் குதித்தார். கூட்டம் அவர் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது. (எழுதிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது.)

நான் பக்தியோடு குழாயின் மேல் ஏறினேன். "அரோகரா!" என்றது கூட்டம். மூன்றாவது போல்ட்டும் 'டக்' என்றது. முனுசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு மலைப் பக்கம் நடந்துவிட்டார்.

பிற்பகலில் மாமனாரும் விரதம் முடித்த முனுசாமியும் சேர்ந்தே இறங்கி வந்தார்கள்.

"எத்தினி போச்சு மாப்ளே?"

"மூணு மாமா. ஆனா இன்னும் ரெண்டு இருக்கு." (இதை ஆறுதலாகத்தான் சொன்னேன்.)

முனுசாமி ஸ்பேனரை வாங்கி நாலாவது போல்ட்டில் போட்டு, நான் திருப்பியதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கையால் திருப்பினார். சமர்த்தாகக் கழன்று வந்தது.

"இந்த வண்டிக்கு இடது பக்கம் மரையே தலைகீழுங்க, வலமா சுத்தினாதான் கழலும். நீங்க கழட்டலீங்க. காலையிலேந்து முடுக்கிகினு இருந்தீங்க. அதத்தான் கையச் சுத்திச் சுத்திச் சொன்னேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கமலா மெதுவாக உள்ளே போனாள். நான் பின்னால் போனபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மாமனார் ரயிலில் போய் பஸ்ஸை முடித்தார். மேனேஜர் முனுசாமி.

ஏழு வருஷம் கழித்து, பள்ளிக்கூட வாத்தியார் வேலையில் சேர்ந்த பிறகு, எங்களுக்கென்று ஒரு சின்ன வீடு அமைந்தது. பால் காய்ச்சுகிற அன்று சொந்தபந்தமெல்லாம் வாசலில் கூடியிருந்தார்கள். நான் சாவியைப் பூட்டில் நுழைத்தேன். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க மாப்ளே. கதவ நான் தொறக்கறேன். நீங்க வேணும்னா வூட்டச் சுத்தி வந்துடுங்க."

கமலாதான் முதலில் சிரித்தாள். ஏழு வருஷமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு. வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பதைப் பார்த்தபிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்று முறை வீட்டைச் சுற்றி வந்தேன்.