சொடுக்கினால் வரும் கரண்ட்

பதினான்கு வயதில் எனக்கு ஒரு அபூர்வ சக்தி இருந்தது. விரலைச் சொடுக்கினால் போன கரண்ட் திரும்பி வரும். (சிரிக்காதீர்கள், பல முறை வந்திருக்கிறது.)

புனேயை ஒட்டிய தேஹு ரோடில், அப்பா வேலை பார்த்த ராணுவ டிப்போவின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வியாழக்கிழமைதோறும் காலையில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தி, நாலு மணி வாக்கில் விடுவார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். பள்ளி விட்டு வந்து நான் சொடுக்குவதும் அதே நேரம்தான் என்பதை மட்டும் என் மூளை வசதியாக மறந்திருந்தது.

அந்த வருடம் எதிர் வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து கோமதி வந்தாள். என் வகுப்பில் என்னைத் தவிரத் தமிழ் பேசும் ஒரே பெண். பாட்மிண்டன் கோஷ்டி கொத்திக்கொண்டு போவதற்குள் அவளைச் சிநேகிதியாக்கிக்கொள்ள வேண்டும். காட்டிக்கொள்ள என்னிடம் அழகு, மார்க், சைக்கிள் எதுவும் கிடையாது. சக்திதான் இருந்தது.

அவர்கள் குடிவந்த முதல் வியாழக்கிழமையே அவள் வீட்டு ஹாலில், யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விஷயத்தை உடைத்தேன்.

"நெசமாலுமா?" என்றாள்.

கண்ணை மூடி, (பந்தாவுக்காக) ஏதோ முணுமுணுத்துச் சொடுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. வியர்த்துவிட்டது. பதினோராவது சொடுக்கில் மின்விசிறி சுழன்றது. கோமதி என்னைக் கட்டிக்கொண்டாள்.

அதே நொடியில் சமையலறையில் ஓர் அலறல்.

காலையில் அவள் அம்மா மிக்ஸியில் கொத்தமல்லிச் சட்னி அரைக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார். சட்னி கெட்டுவிட்டதா என்று இப்போதுதான் மூடியைத் திறந்து முகர்ந்திருக்கிறார்.

பச்சை முகத்தோடு வெளியே வந்தார்.

"அம்மா, கரண்ட்டை இவதான் வரவெச்சா!" என்றாள் கோமதி பெருமையாக. (சத்தியம் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.)

"நீயா கண்ணு?"

சக்தியா, உயிரா? உயிரைத் தேர்ந்தெடுத்தேன்.

"நான் இல்ல ஆன்ட்டி! வியாழக்கிழமைன்னா நாலு மணிக்குத் தானா வந்துடும்!"

கோமதியின் முகம் விழுந்தது. "அப்ப எங்கிட்ட சொன்னது பொய்யா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழுவாத கண்ணு," என்றார் அவள் அம்மா, புருவத்திலிருந்து சட்னியை வழித்தபடி. "நாலு மணிக்கு வரும்னு தெரிஞ்சவ, அதை எங்கிட்ட மொதல்லயே சொல்லக் கூடாதா?"

கோமதிதான் முதலில் சிரித்தாள். மூவருமாகச் சுவரைத் துடைத்தோம். பாட்மிண்டன் கோஷ்டிக்கு அவள் போகவேயில்லை.

பல வருடம் கழித்து என் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரரை எல்லோரும் தேட, முன்வரிசையிலிருந்து கோமதியின் அம்மா குரல் மட்டும் கணீரென்று கேட்டது:

"மொதல்ல மிக்ஸியெல்லாம் மூடியிருக்கான்னு பாருங்க! அப்பறமா பொண்ணைச் சொடுக்கச் சொல்லலாம்!"