யூரியா போட்ட கீரை

படித்த பாடம் பரீட்சைத் தாளோடு போய்விடும் என்பதற்கு நானே சாட்சி. தழைச்சத்து மிஞ்சி, சுண்ணாம்புச் சத்து குறைந்தால் கீரை தளதளவென்று வளரும். ஆனால் இலையில் உறுதி இருக்காது, அரிந்து வைத்தால் சீக்கிரம் அழுகும். வேளாண்மைக் கல்லூரியில் இதை எழுதித்தான் பேராசிரியரிடம் பாராட்டு வாங்கினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி மூலக்குளம் வந்தேன். மாமனார் மில் தொழிலாளி. அந்த வீட்டுக்கு வந்த முதல் பட்டதாரி நான் (அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்). நாத்தனார் செல்விக்கு நிச்சயதார்த்தம் என்றதும், விருந்துக்குக் கீரை என் பொறுப்பு என்று அறிவித்தேன். கொல்லையில் முளைக்கீரை விதைத்து, தழைச்சத்துக்கென்று யூரியாவை அள்ளி அள்ளிப் போட்டேன். ஒவ்வோர் இலையும் வெற்றிலை அகலம். மாமியார் தெருவையே கூட்டி வந்து காட்டினார்.

காலையில் நேரமிருக்காது என்று முந்தின சாயங்காலமே அரிந்து, அலசி, அண்டாவில் அமுக்கி, ஈரச் சாக்கால் மூடிவைத்தேன்.

மறுநாள் சமையல்காரர் சாக்கை எடுத்தார். ஆவி பறந்தது. உள்ளே கறுத்துக் கொழகொழவென்று கிடந்தது. சாக்கடை அடைத்துக்கொண்ட வாடை. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "எம்மா, இத நான் தாளிக்கணுமா, பொதைக்கணுமா?"

கொல்லையில் சமையல் நடந்ததால், எதிரே இருந்த காலிமனையில் புதைக்கலாம் என்று நானும் கணவரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். அதே நேரம் கருவடிக்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா. எத்தனையோ சண்டை பார்த்தவர், கைக்குட்டையால் மூக்கை மூடினார். அவர் மனைவியோ, நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இதென்ன நாற்றம் என்று படியேறாமல் நின்றுவிட்டார். ஜன்னலில் செல்வியின் முகம் அழத் தயாராக இருந்தது. ஒரு சம்பந்தத்தையே அண்டாவில் போட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம் என்று எனக்கு உறைத்தது.

மாப்பிள்ளைதான் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா இது?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. "உங்களுக்குக் கூட்டு வைக்க வச்சிருந்த கீரைங்க. யூரியா கூடிப்போச்சு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு சொல்தாவின் கைக்குட்டை குலுங்கியது. கடைசியாக அவர் மனைவியும் படியேறினார். நிச்சயம் நடந்தது, கூட்டு இல்லாமல்.

இன்றும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் யூரியா அத்தைதான். செல்வி மகளின் கல்யாணத்தில், எனக்கும் ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்டேன். கூடிப் பேசி, வெற்றிலை அடுக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஒருத்தியைக் காவலுக்கும் உட்காரவைத்தார்கள்.