நாலு ஏக்கர் டர்னிப் கீரை

பனி கலைந்து வெளிச்சம் வந்தபோது, வயலின் கிழக்கு ஓரத்துப் புதரில் ஏதோ அசைந்தது.

பரண்மேல் உட்கார்ந்திருந்த ஆல்வின் கிரேடி மூச்சை அடக்கினான். கால் மரத்துப்போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. துடைத்தால் மான் ஓடிவிடும் என்று அதையும் விட்டுவைத்திருந்தான்.

புதர் விலகியது. முதலில் ஒரு ஆரஞ்சு நிறத் தொப்பி வந்தது. தொப்பிக்குக் கீழே வர்டெல் அக்கா வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு ஆரஞ்சுத் தொப்பிகள், ஆளுக்கு இரண்டு சாக்கு.

"நாங்கதான் தம்பி, சுட்டுடாதீங்க," என்று பரணைப் பார்த்துக் கையை ஆட்டினார் வர்டெல் அக்கா. ஐந்து பேரும் ஆலயப் பாடகர் குழு. குனிந்ததும் மேல்குரல், கீழ்குரல் பிரித்துப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாடிக்கொண்டே டர்னிப் கீரையைக் கொத்துக் கொத்தாக ஒடித்துச் சாக்கில் போட்டார்கள்.

அலபாமாவில் காது கேளாத மான் ஒன்று இருந்திருந்தால், அதுகூட அன்றைக்கு அந்தப் பக்கம் வந்திருக்காது.

ஆல்வின் சாதாரண ஆள் இல்லை. இது அவனுடைய கருத்து. மாவட்ட வேளாண்மை அலுவலகத்தில் ஆலோசகர். 'வேட்டைக் காலத்தில் மானை இழுக்கும் பயிர்கள்' என்று பதினான்கு பக்கத்தில் கையேடு எழுதியவன். உள்ளே பதினோரு அட்டவணைகள். அட்டையில் அவன் படம் பெரிதாக; மான் படம் கடைசிப் பக்கத்தில், தபால்தலை அளவுக்கு. ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஆலயத்தில் ஆண்கள் சங்கம் நடத்தும் வேட்டைக்கறி விருந்தில் அவன் முக்கால் மணி நேரம் பேசுவான். உறைபனி விழுந்தபின் டர்னிப் இலையில் சர்க்கரை எப்படி ஏறும், அதை மோப்பம் பிடிக்கும் மான் மனதுக்குள் என்ன நினைக்கும் என்றெல்லாம் விளக்குவான். அதற்குள் கறி ஆறிவிடும்.

அவன் பிறந்ததிலிருந்து ஒரு மானும் சுட்டதில்லை என்பது மாவட்டம் முழுக்கத் தெரியும். மரியாதை கருதி யாரும் அதை முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

மாமனார் மட்டும் சொல்வார். ஆலயப் பொறுப்பாளரான டீக்கன் ஹோசியா லாக்ஹார்ட்டுக்கு இருநூறு ஏக்கர் நிலமும் ஒரே மகளும் உண்டு. மகளை ஆல்வினுக்குக் கொடுத்து பதினான்கு வருடங்கள் ஆகிவிட்டன. அத்தனை வருடத்தில் அவர் அவனை 'மாப்பிள்ளை' என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. 'ஆபீஸ்காரரு' என்பார். அதையும் மூன்றாம் மனிதரிடம் சொல்வதுபோல, சுவரைப் பார்த்துச் சொல்வார்.

அவர்தான் மூன்று வருடங்களுக்கு முன் ஓடையோரத்தில் நாலு ஏக்கரைக் காட்டி நிபந்தனை போட்டார்.

"மூணு வேட்டைக் காலம் தர்றேன். உன் பயிரைத் தின்ன வந்த மான் ஒண்ணு உன் கையால விழுந்துச்சுன்னா நிலம் உன் பேருக்கு. விழலன்னா பைன் கன்னு வச்சிடுவேன். அப்புறம் முப்பது வருஷத்துக்கு அங்க உனக்கு வேலை கிடையாது."

ஆல்வினுக்குச் சொந்தமாக ஒரு கைப்பிடி மண் இல்லை. ஊருக்கெல்லாம் மண்ணைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பவன் மாமனார் மண்ணில், மாமனார் கட்டிய வீட்டில் இருந்தான். அந்த நாலு ஏக்கர்தான் அவனுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே நிமிர்ந்த முதுகெலும்பு.

முதல் வருடம் கோதுமையும் ஓட்ஸும் விதைத்தான். முளைக்குமுன் காட்டு வான்கோழிகள் குடும்பத்தோடு வந்து பொறுக்கிவிட்டுப் போயின. இரண்டாம் வருடம் குளோவர் என்ற தீவனப்பயிர். மழை பொய்த்தது, தப்பிப் பிழைத்ததை வேலியை முறித்துக்கொண்டு வந்த அடுத்த பண்ணை மாடுகள் முடித்தன. மூன்றாம் வருடம், கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் நட்சத்திரம் போட்டுப் பரிந்துரைத்திருந்த டர்னிப்பைப் போட்டான்.

டர்னிப் வந்தது பாருங்கள், அப்படி வந்தது. முழங்கால் உயரம், முறம் அகலத்துக்கு இலை. வெள்ளிக்கிழமை மாலை போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க மான் குளம்படி. ஆல்வின் மண்டியிட்டு ஒவ்வொரு குளம்படியையும் அளந்தான். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான்.

டர்னிப் கீரையை உப்புப் போட்ட பன்றிக்கறியோடு வேகவைத்து, அந்தச் சாற்றில் சோளரொட்டியைத் தோய்த்துத் தின்று வளர்ந்த மனிதர்கள் வாழும் மாவட்டம் இது. இங்கே நாலு ஏக்கர் டர்னிப் போட்டால் முதலில் யார் வருவார்கள் என்பதற்குப் பதினோரு அட்டவணையில் ஒன்றிலும் இடம் இல்லை.

வாரநாளில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம். அவனுக்கு வேட்டைக்கு வாய்த்தது சனிக்கிழமை மட்டும். கீரை பறிக்கிறவர்களுக்கும் அதே சனிக்கிழமைதான் வாய்த்தது.

முதலில் பணிவாகக் கேட்டுப் பார்த்தான். பத்து மணிக்குமேல் வந்தால் என்ன?

"வெயில் பட்டா கீரை கசந்துடும் தம்பி. நீங்கதானே உங்க புஸ்தகத்துல எழுதியிருக்கீங்க," என்றார் வர்டெல் அக்கா. அது உண்மைதான். ஏழாம் பக்கம்.

அடுத்த வாரம் சாலையோரத்தில் பலகை அடித்து வைத்தான்: 'இது மான்களுக்கான வயல். மனிதர்கள் பறிக்கக் கூடாது.' அந்தச் சனிக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். பலகை வைத்தது உபகாரமாகப் போயிற்று, இல்லாவிட்டால் புதிதாக வருகிறவர்கள் வழி தெரியாமல் அலைந்திருப்பார்கள் என்று அவனுக்கு நன்றி சொன்னார்கள்.

பிறகு ஒரு பொய் சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சிவந்தது. ஆண் மானை இழுப்பதற்காக வயல் முழுக்கப் பெட்டை மானின் மூத்திரத்தைத் தெளித்திருப்பதாகச் சொன்னான்.

வர்டெல் அக்கா யோசித்தார். "அப்ப மூணு தண்ணியில அலசணும். நல்லவேளை சொன்னீங்க."

அன்று இரவு வீட்டில் மனைவி ஓர்லீன் தட்டில் கீரையைப் பரிமாறினாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டான்.

"வர்டெல் அக்கா கொடுத்தனுப்பிச்சாங்க. உங்க வயல்லதுதான். ஏங்க, உண்மையிலேயே நல்லா வந்திருக்குங்க."

மூன்று வருடத்தில் அவன் விவசாயத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு. இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கடைசி முயற்சியாகப் போதகரிடம் போனான். ஆலயத்தில் ஒரு வார்த்தை சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்றான். போதகர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டதால், எதைக் கேட்டார் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அறுவடைக்காரன் வயலின் ஓரத்தை ஏழைகளுக்கு விட்டுவிட வேண்டும் என்பது பற்றி ஐம்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். ஓரத்தோடு நிறுத்தாமல் முழு வயலையும் விட்ட ஒரு சகோதரர் நம் நடுவிலேயே இருக்கிறார் என்று சொல்லி, ஆல்வினை எழுந்து நிற்கச் சொன்னார். சபை கைதட்டியது. அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர் ஆலயத்திலிருந்து இரண்டு வேன்கள் வந்தன.

இவ்வளவுக்கும் நடுவில் இன்னொரு வேதனை இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு. வர்டெல் அக்காவின் வீட்டுக்காரர் லெம்யூயலின் நிலம். சனிக்கிழமை தவறாமல் அங்கே துப்பாக்கி வெடிக்கும். வெடித்தபின் ஆட்கள் சிரிக்கும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு வெடியும் ஆல்வினுடைய கையேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தது.

ஒருநாள் தீவனக் கடையில் லெம்யூயலை மடக்கினான். மேட்டில் என்ன விதைத்திருக்கிறார் என்று, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டான்.

"ஒண்ணும் விதைக்கலியே. காட்டுப்புல்லுதான் கிடக்கு. அதுவும் தானா வந்தது," என்றார் லெம்யூயல். சொல்லிவிட்டு ஏனோ கடையின் கூரையைப் பார்த்தார்.

ஆல்வின் நம்பவில்லை. மேட்டு மண்ணை டப்பாவில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினான். மாவட்டத்திலேயே மோசமான மண் என்று பதில் வந்தது. மூன்று தடவை படித்தான். பதினெட்டு வருடம் படித்ததும் எழுதியதும் எதற்கென்று புரியவில்லை. மறுநாள் ஒரு ஏக்கர் டர்னிப்பை உழுது தள்ளிவிட்டு, மேட்டுக் காட்டுப்புல்லை வேரோடு கொண்டுவந்து நட்டான். நடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

டர்னிப் மூன்று ஏக்கராகச் சுருங்கியதால் பெண்கள் இன்னும் நெருங்கி நின்று பறித்தார்கள். நெருங்கி நின்றதால் பாட்டு இன்னும் நன்றாக ஒத்துப்போயிற்று.

பிப்ரவரி வந்தது. வேட்டைக் காலத்தின் கடைசிச் சனிக்கிழமை மழை தூறியது. மழைக்காவது வரமாட்டார்கள் என்று பரணில் ஏறி உட்கார்ந்தான். பிளாஸ்டிக் போர்வைகளுக்குள்ளிருந்து பாட்டு கேட்டது.

ஆல்வின் பரணைவிட்டு இறங்கினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வர்டெல் அக்காவின் முன் போய் நின்றான். மழை அவன் முகத்தில் வழிந்தது. அத்தனையும் மழை என்று சொல்ல முடியாது.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க. இன்னிக்கும் மான் விழலன்னா எனக்கு நிலம் இல்ல. மாமா பைன் கன்னுக்குச் சொல்லி வச்சிட்டாரு. நான் சாகுற வரைக்கும் அவருக்கு ஆபீஸ்காரன்தான்."

வர்டெல் அக்கா சாக்கைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் நிஜமாகவே இரக்கம் தெரிந்தது. வாயைத் திறந்தார், மூடினார், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"இவ்வளவு மனசு வச்சிருக்கீங்கன்னு தெரியாது தம்பி. இதோ, அஞ்சே நிமிஷம். வெரசா முடிச்சுட்டுக் கெளம்பிடறோம்."

சொன்னபடியே செய்தார்கள். அன்றைக்கு வந்திருந்த பதினைந்து பேரும் வயலின் குறுக்கே ஒரே வரிசையாக நின்று, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாடிப் பறித்துக்கொண்டே போய், ஓடையோரப் புதருக்குள் நுழைந்து மறைந்தார்கள். சற்று நேரத்தில் மேட்டில் நாலு வெடி கேட்டது. ஆல்வின் பரணின் காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு முயல் வந்தது. ஒரு டர்னிப் இலையைக் கடித்து, பாதியில் துப்பிவிட்டுப் போயிற்று. அவன் பயிரை ஒரு காட்டு விலங்கு தின்று அவன் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் மாமனார் எதிரே போய் நின்றான். சாவியைக் கொடுப்பதுபோல வெறுங்கையை நீட்டினான்.

டீக்கன் லாக்ஹார்ட் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகட்டும் விடு மாப்பிள்ளை. பைன் கன்னு எங்கயும் ஓடிடாது. இன்னும் ஒரு வருஷம் போட்டுப் பாரு."

ஆல்வின் காதில் விழுந்ததை நம்பவில்லை.

"டர்னிப்பை மட்டும் நிறுத்திடாத," என்றார் மாமனார். "அந்தப் புல்லை எடுத்துட்டு, அந்த ஏக்கர்லயும் டர்னிப்பே போடு."

பதினான்கு வருடத்தில் முதல் 'மாப்பிள்ளை'. ஆல்வின் வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அழுதான். இந்த மனிதரைப் பற்றி எத்தனை கசப்பாக நினைத்திருக்கிறோம் என்று வெட்கப்பட்டான். வேட்டைக்கறி விருந்துக்கு எழுதி வைத்திருந்த உரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெரியவர்களின் பெருந்தன்மை பற்றிப் புதிதாக ஒன்று எழுதினான். அது இன்னும் நீளம்.

விருந்தன்று தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றான். பரிமாறுகிற இடத்தில் வர்டெல் அக்கா. பெரிய அண்டாவில் மான்கறி, பக்கத்து அண்டாவில் அவனுடைய டர்னிப் கீரை. மாமனாரின் மனது மாறிய கதையை அக்காவிடம் சொன்னான். எல்லாம் ஜெபத்தின் பலன் என்றான்.

வர்டெல் அக்கா அவன் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

"மாறாம என்ன செய்யும் தம்பி, நாங்க பாடிக்கிட்டு எறங்கினா உங்க கீரையில மேயுற மானெல்லாம் நேரா மேட்டுக்குத்தானே ஓடும். இந்த வருஷம் அங்க விழுந்த பதினொண்ணுல ஆறு உங்க மாமனார் சுட்டது."