ஆறு இன்ச் காணாமல் போனது குறித்து மைத்துனருக்கு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் மூத்த தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, மாடிப்படி ஏற முடிகிறதா என்றெல்லாம் விவரமாக விசாரிக்க ஆசைதான். ஆனால் மணி இப்போதே ஆறே முக்கால். உங்கள் தங்கை ஒன்பது மணிக்குத் திரும்பி வருவதற்குள் இதை எழுதி ஒட்டியாக வேண்டும். ஆகையால் விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூத்த தங்கையை டெய்லரான எனக்கும் இளைய தங்கையை ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கும் கொடுத்தீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சகலை என்று ஒருவர் வாய்த்தால் அவர் அடுத்த தெருவில் குடியிருக்கக் கூடாது என்பதை மட்டும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் என் வீட்டில் எண்ணிவிடலாம், அவ்வளவு பக்கம். மூன்று மாதத்துக்கு முன் அந்த மனிதர் பழைய டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுவரில் மாட்டுகிற புது டிவி ஒன்றை வாங்கினார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

எங்கள் வீட்டு டிவி உங்களுக்கு நினைவிருக்கும். முன்னால் ஒரு முழம், பின்னால் ஒன்றரை முழம் என்று மேஜையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெட்டி. ஏழெட்டு வருடமாக அதில் வந்த எல்லோருமே ஊதா நிறம்தான். நல்லவன் ஊதா, கெட்டவன் கொஞ்சம் அதிக ஊதா. அதனால் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை, மச்சான். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியே போய்விட்ட பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே. நான் தையல் மிஷினை மூடிவிட்டு வந்து உட்காருவேன், உங்கள் தங்கையும் பக்கத்தில் உட்காருவாள். "என்னங்க, அந்த மாமியார்க்காரி போட்டிருக்கறது என்ன கலரு?" என்பாள். துணி விழுகிற விதத்தைப் பார்த்து, வெளிச்சம் படுகிற விதத்தைப் பார்த்து, "அடர் நீலம், ஓரத்துல வெள்ளிச் சரிகை" என்று சொல்லுவேன். "அப்படியா!" என்பாள். அந்த ஒரு 'அப்படியா'வுக்காக நான் எத்தனை மாமியார்களை உற்றுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

புது டிவியைப் பார்க்க வாருங்கள் என்று சகலை அழைத்தார். போனோம். அதே தொடர், அதே மாமியார். உங்கள் தங்கை அத்தனை பேர் நடுவிலும் வாய்விட்டுக் கத்தினாள். "என்னங்க, நீலம் நீலம்னு நாலு வருஷமா சொன்னீங்களே, செங்கல் கலருல்ல போட்டிருக்கா! சரிகையும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என் முகத்தில் ஈயாடவில்லை. அதோடு விட்டிருக்கலாம். சகலை என் தோளைத் தட்டி, "விடுங்க அக்கா, அண்ணன் ஏதோ குத்துமதிப்பா சொல்லியிருப்பாரு" என்றார். குத்துமதிப்பு! நாற்பது வருடமாகக் கழுத்தில் டேப்போடு திரிகிறவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? நான் அவரிடம் "உங்க லிஃப்ட்டு குத்துமதிப்பாதான் மூணாவது மாடியில நிக்குதா?" என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அது வாயில் வந்தது.

அன்று முதல் நான் மிஷினுக்கு மூடி போடுகிற நேரமும் உங்கள் தங்கை செருப்பு மாட்டுகிற நேரமும் ஒன்றாகிவிட்டது. ஆறு மணிக்குப் போனால் ஒன்பது மணிக்கு வருகிறாள். வரும்போது சும்மா வருகிறாளா? "தங்கச்சி வீட்டுக்காரரு எவ்வளவு தன்மையா ரிமோட்டை நம்ம கையிலேயே குடுத்துடறாரு தெரியுமா?" என்று ஒரு நாள். "அங்க படத்துல மழை பெஞ்சா நமக்கே குளிருது" என்று ஒரு நாள். நான் தனியாக அந்த ஊதா மனிதர்களோடு உட்கார்ந்திருப்பேன். மச்சான், உங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பொறாமைதான். வயிறு எரிகிறது. ஒரு மனிதன் மேல் பொறாமைப்பட்டால் அவன் மட்டமானவன் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சுவரில் தொங்குகிற கண்ணாடிப் பலகை மேல் பொறாமைப்பட்டால் அதை என்ன சொல்லித் திட்டுவது?

சரி, அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். எந்த வேலையும் அளவெடுக்காமல் தொடங்கிப் பழக்கம் இல்லை எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போய், உங்கள் சின்னத் தங்கை டீ போட உள்ளே போனதும், நாற்காலி மேல் ஏறி டேப்பை வைத்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நாற்பத்தெட்டரை இன்ச். மனதில் குறித்துக்கொண்டு திரும்பினால் குளியலறை வாசலில் துண்டோடு சகலை. "என்ன அண்ணே, டிவிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் வேறு என்ன சொல்லுவான்? "ஆமா, தூசி படியாம ஒரு உறை தைச்சுத் தரலாம்னு" என்று அசடு வழிந்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. உள்ளே பார்த்து, "இங்க பாரு, அண்ணன் நமக்காக என்ன செய்யறாருன்னு!" என்று குரல் கொடுத்தார்.

ஆகவே எதிரியின் டிவிக்கு நானே உறை தைத்தேன். மட்டமாகத் தைத்துக் கொடுத்திருக்கலாம், கை கேட்கவில்லை. மெரூன் வெல்வெட், சுற்றிலும் பைப்பிங், ரிமோட்டுக்கு ஒரு பாக்கெட், மயிரிழை பிசகவில்லை. இப்போது அந்த வீட்டில் தினமும் ஆறு மணிக்கு அந்த உறையைக் கழற்றுவது ஒரு விசேஷமாகிவிட்டது. கழற்றுகிற பொறுப்பு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மூத்த தங்கைக்கு. "என் வீட்டுக்காரர் தைச்சது" என்று சொல்லிக்கொண்டே கழற்றுகிறாளாம். நான் தைத்ததைக் கழற்ற என்னை விட்டுவிட்டு அங்கே போகிறாள், பாருங்கள் நியாயத்தை.

போன வாரம் கடைக்குப் போனேன். "நாப்பத்தெட்டரைக்கு மேல இருக்கணும்" என்றேன். "அம்பது இருக்கு சார்" என்றான் விற்பனையாளன். ஒன்றரை இன்ச் கூடுதல். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் முக்கி முனகித் தூக்கிக்கொண்டு போனபோது மேஜையில் தூசி இல்லாத ஒரு சதுரம் மட்டும் மிச்சம் இருந்தது. அப்போது ஒரு நிமிடம் எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் ஒன்றரை இன்ச்சை நினைத்துத் தைரியமாகிவிட்டேன்.

சுவரில் மாட்டினார்கள். உங்கள் தங்கை தள்ளி நின்று பார்த்தாள், கிட்டே வந்து பார்த்தாள், "என்னங்க, தங்கச்சி வீட்டுதைவிடச் சின்னதா இருக்கே?" என்றாள். எனக்கு வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அது நாப்பத்தெட்டரை, இது அம்பது. கண்ணு ஏமாத்தும், டேப் ஏமாத்தாது" என்றேன். அன்று மாலை சகலையையும் உங்கள் சின்னத் தங்கையையும் வரவழைத்தேன். டீ கொடுத்து உட்காரவைத்து, எல்லோர் முன்னாலும் டேப்பை விரித்துக் கோடிக்குக் கோடி பிடித்தேன். நாற்பத்து நான்கு. டேப்பைத் திருப்பிப் பிடித்தேன், நாற்பத்து நான்கு. வேறு டேப் கொண்டுவந்தேன், அதுவும் அதையே சொன்னது. மானம் கப்பலேறியது. சகலை மட்டும் மிகவும் வருத்தப்பட்டு, "பரவால்ல அண்ணே, பெருசா பாக்கணும்னு தோணிச்சுன்னா நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. உங்க வீடு மாதிரிதானே" என்றார். மச்சான், அந்த ஆள் பொடி வைத்துப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையாகவே நல்ல மனதோடு சொன்னார், அதுதான் கொடுமை.

மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். "ஆறு இன்ச்சைத் திருடிட்டீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஃபேன் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விட்டார். அந்த விற்பனையாளன் கோபப்படவே இல்லை. என் கழுத்திலிருந்த டேப்பையே எடுத்து, அங்கே இருந்த அதே மாதிரி டிவியின் மேல் மூலையிலிருந்து கீழே எதிர் மூலைக்குச் சாய்த்துப் பிடித்தான். ஐம்பது. "டிவியை எல்லாரும் மூலைக்கு மூலைதான் சார் அளப்பாங்க. உங்க சகலை வீட்டுல இருக்கறது அம்பத்தஞ்சா இருக்கும்" என்றான். நான் கேட்டேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள், நான் ஒருவனுக்குச் சட்டை தைக்கும்போது வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு அளந்துவிட்டு இதுதான் உன் மார்பளவு என்றால் அவன் என்னைச் சும்மா விடுவானா? கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாற்றித் தர மாட்டார்களாம், சுவரில் மாட்டியாகிவிட்டதாம்.

போகட்டும், சின்னதாக இருந்தாலும் படம் தெளிவாகத்தானே இருக்கிறது, இனி வீட்டிலேயே இருப்பாள் என்று நினைத்தேன். ஒரு நாள் இருந்தாள். என்ன கலர் என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அவளுக்கே தெரிகிறது. அடுத்த நாள் ஆறு மணிக்கு, "தங்கச்சி காத்துக்கிட்டிருப்பா" என்று செருப்பை மாட்டிவிட்டாள். இந்தப் புது டிவியைப் போட்டதும் முதலில் 'பார்ப்பது யார்?' என்று எழுத்தில் கேட்கிறது. தினமும் கேட்கிறது. நான் ஒருத்தன்தான் என்று எத்தனை தடவை அமுக்குவது?

எனவே தலைமை ஆசிரியராக இருந்து ஆயிரம் பிள்ளைகளை அடக்கிய தாங்கள், தங்கைகள் இருவருக்கும் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும். பெரிய டிவி கண்ணுக்குக் கெடுதல் என்று எழுதுங்கள். சின்ன டிவிதான் குடும்பத்துக்கு ஏற்றது என்றும் எழுதுங்கள். நான் சொல்லி எழுதியதாக மட்டும் தெரியக் கூடாது.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். தங்கள் சட்டை அளவு என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது புதிதாக இரண்டு தைத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் மேல் மட்டும் பொறாமை இல்லாத
பெரிய மாப்பிள்ளை

பின்குறிப்பு (மறுநாள் மாலை): நேற்று பசை தேடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் தங்கை மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் கண்ணாடியை எடுத்து மாட்டியதும் முதலில் படித்தது இந்தக் கடிதத்தைத்தான். செருப்புக் காலோடு நின்றபடியே முழுவதும் படித்தாள். நான் பசையைத் தேடுவதுபோல் மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன். "டிவியை அளந்தீங்க, உறை தைச்சீங்க, கடைக்காரன்கிட்ட சண்டை போட்டீங்க, இப்ப அண்ணனுக்கும் பக்கம் பக்கமா எழுதிட்டீங்க. நீ இல்லாம எனக்குப் பொழுது போகல, போகாதேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றாள். "சொன்னா இருந்திருப்பியா?" என்றேன். "சொல்லித்தான் பாருங்களேன்" என்றாள். சொன்னேன். பாதி சொல்வதற்குள் மீதியை அவளே புரிந்துகொண்டு செருப்பைக் கழற்றிப் போட்டாள்.

ஆகையால் மேலே எழுதிய அத்தனையையும் மறந்துவிட்டு, அதற்கு நேர்மாறாக எழுதவும். ஏனென்றால் இன்று ஆறு மணிக்கு உங்கள் சின்னத் தங்கையும் சகலையும் இங்கே வந்துவிட்டார்கள். "அக்கா இல்லாம அங்க வெறிச்சுன்னு இருக்கு மாமா, இனிமே தினம் இங்கதான்" என்கிறாள். ரிமோட் சகலை கையில். பெரிய டிவிதான் கண்ணுக்கு நல்லது, அதை வைத்திருப்பவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதுதான் மரியாதை என்று அவர்களுக்கு எழுதுங்கள். ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை. மூன்று பேர் உட்காருகிற சோபாவில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பதால், உங்கள் மூத்த தங்கை என்மேல் சாய்ந்துதான் உட்கார வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் எழுதினால் போதும்.