கண் மூடாத பூனை

நல்லது செய்யக் கிளம்பியவனிடம் யாராலும் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது. தலையை ஆட்டுவான், காதில் ஏறாது. அதற்கு நானே சாட்சி.

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் பூனைகள் பெருகி, குட்டிகள் சாக்கடையிலும் ஆட்டோ சக்கரத்திலும் செத்துக்கொண்டிருந்தன. நாங்கள் சிலர் சேர்ந்து, கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட ஆரம்பித்தோம். (நாங்கள் சேவை என்றோம். தெருவில் பூனை பிடிக்கிற கூட்டம் என்றார்கள்.) வீட்டுப் பூனையை மட்டும் யாரும் நம்பித் தரவில்லை. முதலில் தந்தவர் பக்கத்து வீட்டு சபுரா மாமி. மகன்கள் துபாயில். அவருக்குப் பேச்சுத்துணை அந்தக் கறுப்புப் பூனைதான். அது பத்திரமாகத் திரும்பினால்தான் மற்றவர்களும் தருவார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜங்ஷனில் இருக்கிற மிருக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. "மயக்கம் முழுசாத் தெளியட்டும், அப்புறம் கொண்டுபோங்க" என்றார் டாக்டர். இன்னும் ஏதோ சொன்னார். நான் பூனையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன். மாமியிடம் நல்ல பெயர் வாங்கும் அவசரத்தில் உடனே தூக்கி வந்துவிட்டேன்.

பட்டப்பகலில் மழை இருட்டு. கரண்டும் இல்லை. மாமி வீட்டில் கூண்டைத் திறந்தால், பூனை நாக்கைத் தள்ளிக் கிடந்தது. கண்கள் மட்டும் பச்சையாக, இமைக்காமல் திறந்திருந்தன. மூக்கருகே விரல் வைத்தேன். என் விரல் நடுங்கிய நடுக்கத்தில் மூச்சு தெரியவில்லை. டாக்டர் போனை எடுக்கவில்லை.

"காதையும்லா அறுத்திருக்கானுவ" என்றார் மாமி.

(கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டுவது வழக்கம். அதை விளக்குகிற நேரமா அது?)

மாமி அழவில்லை. இறந்தவரின் மையத்துக்குச் செய்வதுபோல உள்ளங்கையால் அதன் கண்களைப் பைய மூடினார். கையை எடுத்ததும் திறந்துகொண்டன. மறுபடி மூடினார். மறுபடி திறந்தன.

"உன்னயத்தாம்லே பாக்குது. போயி குழி தோண்டு."

பழைய வெள்ளைத் துணியில் சுற்றிக் கொல்லையில் கிடத்தினார். சாம்பிராணி எடுக்க உள்ளே போனார். நான் தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் துணி உரசும் சத்தம் கேட்டது. காற்று இல்லை.

திரும்பினேன். வெள்ளை மூட்டை எழுந்து நின்றது. பக்கவாட்டில் தள்ளாடி விழுந்தது. மறுபடி எழுந்து, கைக்குழந்தை முனகுவதுபோல முனகிக்கொண்டு என்னை நோக்கி வந்தது.

பின்வாங்கினேன். பின்னால் நான் தோண்டிய குழி. மல்லாக்க விழுந்த என் நெஞ்சின்மேல் மூட்டையும் விழுந்தது. துணி விலகி ஒரு பச்சைக் கண் தெரிந்தது. சாகப்போகிறவன்போலச் சத்தமாகக் கலிமா சொன்னேன். மாமி ஓடி வந்து வாரி அணைத்தார். பூனையைத்தான்.

பிறகு டாக்டர் பேசினார். "மயக்கத்துல கண்ணு தொறந்துதான் இருக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே தம்பி."

இன்று தெருவே எங்களிடம் பூனை தருகிறது. என் விளக்கங்களை யாரும் கேட்பதில்லை. தயங்குகிறவர்களிடம் மாமியே பேசிவிடுகிறார்:

"அவன்ட்ட நம்பிக் குடுட்டி. பொதைக்கப் போனாலும் எந்திச்சி வந்துரும். அவனத்தான் குழியிலருந்து தூக்கணும்."