பூகம்பச் சாமியார் நூல் பிடித்த நாள்

மனிதர்களின் பாவத்தைவிட எருமைகளின் நடமாட்டத்தை அதிகமாக விசாரித்த பாதிரியார் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் ஆவூரில் பங்குச் சாமியாராக இருந்தார். சேசு சபைக்காரர், வெள்ளைக்காரர். வாயில் நுழையாத அவர் பெயரை விட்டுவிட்டு ஊரே அவரைப் பூகம்பச் சாமியார் என்றது.

சீமையில் பூகம்ப சாஸ்திரம் படித்தவர். சபை ஆவூருக்கு அனுப்பியதும் கருவியையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில், விளக்குப் புகையில் கரியேற்றிய காகிதம் சுற்றிய, கடிகாரம் சுழற்றும் உருளை; அதன்மேல் ஓர் ஊசி. பூமி எங்கே குலுங்கினாலும் ஊசி கோடு கிழிக்கும். பலமாக ஆடினால் மணியும் அடிக்கும். எருமை போனாலும் அடிக்கும் என்பதுதான் தொல்லை.

ஒருநாள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. "மீதிப் பாவத்தை நாளைக்குச் சொல்லுங்கள்!" என்று அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். இன்னொரு நாள் கிணறு வெட்டுகிறவர்கள் வந்து நின்றார்கள்.

"சாமி, கெணத்துல பாறை குறுக்க நிக்குது. அந்த மிஷினை வச்சு லேசா ஒரு ஆட்டு ஆட்டி விடுங்க."

மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பரம விரோதி என் அம்மா. எங்கள் வீடு அந்த அறைக்கு அடுத்தது. அவள் உலக்கையைத் தொட்டால் போதும், ஓடி வருவார்.

"அம்மா, தயவுசெய்து நெல் குத்தாதீர்கள். ஊசி பைத்தியம் பிடித்து ஆடுகிறது!"

"ஊசிக்குப் பைத்தியம்னா வைத்தியரைப் பாருங்க சாமி. நாங்க சோறு திங்க வேணாமா?"

இப்படி இருக்கையில், கீரனூர் பஸ் டிரைவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். வடக்கே பெரிய பூகம்பமாம், ஒரு ஊரே போச்சாம். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. என் அண்ணன் நாக்பூரில் ரயில்வே வேலையில் இருந்தான். அம்மாவுக்கு வடக்கு என்றாலே நாக்பூர்தான். அலறிக்கொண்டு சாமியார் அறைக்கே ஓடினாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நானும் பின்னால் ஓடினேன்.

சாமியார் காகிதத்தில் முதல் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை அளந்தார். இடைவெளி எவ்வளவோ அதற்குத் தக்க தூரமாம். சுவரிலிருந்த தேசப்படத்தில் ஆவூர்ப் பக்கம் குண்டூசி குத்தி, அந்தத் தூரத்துக்கு நூல் கட்டி வளைத்து இழுத்தார். நூல் இமயமலையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. பூகம்பம் நூல் போன வழியில்தானாம்; நாக்பூர் அதற்கு வெகு உள்ளே இருந்தது.

"உங்கள் மகன் இருக்கும் ஊரில் இது நடக்கவில்லை, அம்மா."

"நெசமாவா சாமி?"

சாமியார் உருளைக் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கீரனூர் போய்த் தந்தி கொடுத்தேன். மறுநாள் பதில் வரும்வரை, பூசை நேரம் தவிர, எங்கள் வீட்டிலேயே அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நடுவில் கருவியின் மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவேயில்லை.

அண்ணன் சுகம் என்று தந்தி வந்தது. படித்துச் சொன்ன சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார்.

"நீங்க ஏன் சாமி அழுவுறீங்க? ஒங்க கணக்குத்தான் சரியாப் போச்சே!"

"கணக்கு சரிதான் அம்மா. ஆனால் உருளையைச் சுழற்றுகிற கடிகாரம் பிசகினால் தூரமும் பிசகும்; அதன்மேல்தான் எனக்கு நம்பிக்கை இல்லை."

அந்த ஒரு ராத்திரி என் அம்மாவைச் சாகாமல் காப்பாற்றியவர் அவர். இன்றைக்கும் நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

அடுத்த லீவில் அண்ணன் வந்தான். நடந்ததையெல்லாம் நான் கடிதத்தில் எழுதியிருந்தேன்; பஸ்ஸை விட்டு இறங்கியவன் வீட்டுக்கு வராமல் நேரே சாமியாரிடம் போய்விட்டான். பெற்றவளாயிற்றே, கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன்.

"மொதல்ல அங்கிட்டுப் போய்ட்டு வந்தே பாரு, அதாண்டா எம் புள்ளை" என்று சோறு போட்டாள்.